காலைக் கவுத்துப் பாத்தீங்களா? – தையல் கேள்வி பதில்

போன இதழ்ல பாப்பா கவுனுக்கு ஃப்ரில் வைக்கிறது பத்தி எழுதும்போது "ஃபுட்டை மாத்திட்டு தைங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், அதுக்கு மட்டும் வந்த கேள்வி ஒரு கட்டப்பை நிறைய இருக்கு. எந்த ஃபுட்டு, எங்க மாட்டுறது, என் மிஷினுக்கு சேருமா, முக்கால்வாசி இதேதான். அதனால இந்த தடவை கட்டிங், அளவு, அக்குள் சுருக்கம் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு முழுக்க ஃபுட்டு, அதாவது ஊசிக்குக் கீழ துணியை அமுக்கிப் பிடிக்கிற இரும்புக் கால், அதோட கதைதான். ஒரே மாதிரி வந்த கேள்வியை எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், உங்க ஊர் பேரு வரலைன்னா கோச்சுக்காதீங்க.

கே: அக்கா, எங்க பாட்டி வச்சிருந்த கறுப்பு கலர் கால் மிஷின்தான் என்கிட்ட இருக்கு. ஆன்லைன்ல 32 ஃபுட்டு இருக்குற பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். நாலஞ்சுதான் ஒழுங்கா வேலை செய்யுது, ஒண்ணு மாட்டி மிதிச்சதும் ஊசி போய் இடிச்சு உடைஞ்சே போச்சு. பணம் வேஸ்டா அக்கா?
– வாசகி, தாராபுரம்

ப: முழுசா வேஸ்ட்னு சொல்ல மாட்டேன் கண்ணு, பாதி வேஸ்ட். இந்த பெரிய பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் ஜிக்ஜாக் போடுற வீட்டு மிஷினை மனசுல வச்சு பண்றது, உங்க பாட்டி மிஷின் நேர் தையல் மட்டும் போடுறது. முதல்ல ஒண்ணு அளந்துக்கோங்க. ஃபுட்டை கீழ இறக்கி விட்டுட்டு, நீடில் பிளேட்ல (ஊசி இறங்குற இரும்புத் தகடு) இருந்து ஃபுட்டைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூவோட நடு வரைக்கும் ஸ்கேலை வைங்க. முக்கால் இஞ்ச் கிட்ட வந்தா லோ ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டுற தண்டு குட்டை, ஒண்ணேகால் இஞ்ச் கிட்ட வந்தா ஹை ஷாங்க், தண்டு உயரம். வீட்டு கறுப்பு மிஷின் முக்கால்வாசி லோ ஷாங்க்தான், கார்மென்ட்ஸ்ல ஓடுற ஜூகி மாதிரி பவர் மிஷின் ஹை ஷாங்க், அதுக்குன்னு வாங்கினதை இதுல மாட்ட முடியாது. கடைக்குப் போகும்போது மிஷின் பேரைச் சொல்றதை விட இந்த அளவைச் சொன்னா போதும், இல்லன்னா பழைய ஃபுட்டையே கழட்டி கையில எடுத்துட்டுப் போயிடுங்க, அதுதான் பெஸ்ட்.

ஊசி உடைஞ்சதுக்கு காரணம், நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா, ஓவர்காஸ்ட் ஃபுட்டை மாட்டியிருக்கீங்க. அதுல நடுவுல ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். ஜிக்ஜாக் போடும்போது ஊசி அந்தக் கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு குத்தும், நூல் கம்பி மேல விழுறதால துணி ஓரம் சுருங்காம தட்டையா வரும். உங்க மிஷின்ல ஊசி நேரா நடுவுல இறங்குது, நடுவுல இருக்குறது கம்பி, அப்புறம் என்ன ஆகும்? அதனால எந்த ஃபுட்டை மாட்டினாலும், கரன்ட் மோட்டார் வச்ச மிஷினா இருந்தாலும் சரி, முதல் ஒரு சுத்து சக்கரத்தை கையால சுத்திப் பாத்துட்டுதான் மிதிக்கணும். இதை மட்டும் செஞ்சா வருஷத்துக்கு எத்தனை ஊசி மிச்சம்னு நீங்களே பாப்பீங்க.

இப்ப பாக்ஸைத் திறந்து ஒவ்வொண்ணையும் எடுத்து கவுத்து வைங்க. மேல பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இரும்புத் துண்டு, விஷயமெல்லாம் அடிப்பக்கம்தான் இருக்கு. அடியில அகலமா பள்ளம் இருந்தா அங்க மேடான தையல் போகணும்னு அர்த்தம். ஒத்தை குழி நீளமா ஓடினா கயிறு போகணும். கோடு கோடா நிறைய இருந்தா சின்னச் சின்ன டக், அதாவது தைச்ச மடிப்பு, போகணும். முன்னாடி நத்தை ஓடு மாதிரி சுருண்டு இருந்தா துணி சுருளணும். இதைப் பாக்கக் கத்துக்கிட்டா பேரு தெரியலைன்னாலும் பரவாயில்ல. உங்க மிஷினுக்கு ஜிப் ஃபுட், பைப்பிங் ஃபுட், ரோல்டு ஹெம், கேதரிங் ஃபுட் இதெல்லாம் வேலை செய்யும். சாட்டின், காஜா, பிளைண்ட் ஹெம், ஓவர்காஸ்ட் இதையெல்லாம் ஜிக்ஜாக் மிஷின் வச்சிருக்குற தோழிக்கு குடுத்துட்டு பதிலுக்கு ரெண்டு நல்ல ஊசி பாக்கெட் வாங்கிக்கோங்க.

கே: கன்சீல் ஜிப் வச்சு கவுன் தைக்கிறேன். மேல எல்லாம் நல்லா வருது, ஜிப் முடியுற இடத்துல மட்டும் ஒரு புடைப்பு. சில நேரம் ஜிப் வெளிய தெரியுது, கன்சீல்னு சொல்லவே வெக்கமா இருக்கு.
– வாசகி, திண்டுக்கல்

ப: இந்தக் கேள்வி மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், கையில ஜிப்பை வச்சுக்கிட்டு படிங்க.

கன்சீல் ஜிப்போட பல்லு சும்மா இருக்கும்போது பின்பக்கமா சுருண்டு கிடக்கும். நம்ம தையல் அந்தச் சுருளோட வேர்ல, பல்லும் டேப்பும் (ஜிப்போட துணிப் பட்டி) சேருற இடுக்குல விழணும். ஒரு மயிரிழை தள்ளி விழுந்தா டேப் வெளிய எட்டிப் பாக்கும், ஒரு மயிரிழை உள்ள போனா பல்லு மேலயே தையல் ஏறி ரன்னர் நகராது. சாதா ஜிப் ஃபுட்ல அந்த இடுக்கைப் பிடிக்கிறது கை பழக்கம் இருக்குறவங்களால முடியும், கன்சீல் ஜிப் ஃபுட்ல அடியில ரெண்டு குழி இருக்கு, சுருள் அந்தக் குழிக்குள்ள போகும்போது ஃபுட்டே அதை நிமித்திப் பிடிச்சுக்கும், ஊசி தானா வேர்ல இறங்கும். இடது டேப்புக்கு ஒரு குழி, வலது டேப்புக்கு இன்னொரு குழி, ஜிப்பைத் திருப்பும்போது ஃபுட்டை மாத்த வேண்டியதில்ல, குழியைத்தான் மாத்தணும்.

தைக்கிறதுக்கு முன்னாடி ஜிப்பை முழுசா திறந்து, பின்பக்கத்துல இருந்து லேசான சூட்டுல அயர்ன் நுனியை வச்சு சுருளை நிமித்தி விடுங்க. லேசான சூடுன்னா நைலானுக்கு வைக்கிற சூடு. நான் ஆரம்பத்துல ஒருத்தங்களோட கல்யாண லெஹங்கா ஜிப்பை காட்டன் சூட்டுல வச்சு ஒரே இழுப்பா இழுத்தேன், பல்லெல்லாம் உருகி ரப்பர் மாதிரி ஒட்டிக்கிச்சு, ராத்திரி பத்து மணிக்கு புது ஜிப்புக்கு அலைஞ்சேன், கடை எல்லாம் மூடியாச்சு, கடைசில என் பொண்ணோட கவுன்ல இருந்ததைப் பிரிச்சு வச்சேன். அவ இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறா.

புடைப்பு எதனாலன்னா, நீங்க கீழ சைடு தையலை முதல்லயே மூடிட்டு அப்புறம் ஜிப் வைக்கிறீங்க. மத்த ஜிப்புக்கு அது சரி, இதுக்கு தலைகீழ். முதல்ல ஜிப்போட ரெண்டு பக்கத்தையும் திறந்த துணியில வச்சு, ரன்னர் தடுக்குற வரைக்கும் தைச்சு நிறுத்துங்க. அப்புறம் ஜிப்பை மூடி, கீழ மிச்சம் தொங்குற வாலை தையல் பட்டியோட சேத்து வெளிய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இப்ப கன்சீல் ஃபுட்டைக் கழட்டிட்டு சாதா ஜிப் ஃபுட்டை மாட்டி, போன தையல் முடிஞ்ச இடத்துக்கு கால் இஞ்ச் மேல இருந்தே ஆரம்பிச்சு, அந்தத் தையலுக்கு ஒரு நூலிழை வெளிப்பக்கமா ஒட்டினாப்ல கீழ வரைக்கும் போயிடுங்க. ஒரே ஃபுட்ல முழுசும் முடிக்கணும்னு நினைக்கிறதுதான் அங்க தப்பு, குழி வச்ச ஃபுட் அந்த மூலைக்குள்ள போய் உக்காராது, அது உக்காராத அரை இஞ்சுதான் உங்களுக்கு புடைப்பா தெரியுது. ஜிப்பும் திறப்பை விட ஒண்ணரை இஞ்சாவது நீளமா வாங்கணும். ஜார்ஜெட், கிரேப் மாதிரி தொளதொள துணின்னா ஜிப் வர்ற ரெண்டு ஓரத்துலயும் ஒரு இஞ்ச் அகலத்துக்கு பேப்பர் கேன்வாஸ் ஒட்டிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா தைக்கத் தைக்க துணி நீண்டு ஜிப் அலை அலையா நிக்கும்.

கே: துப்பட்டா ஓரத்துக்கு ரோல்டு ஹெம் ஃபுட் வாங்கினேன். நடுவுல சூப்பரா வருது, ஆரம்பத்துல மட்டும் துணியைக் கடிச்சு முழுங்கிடுது. பிகோ அடிக்கிறதும் இதுவும் ஒண்ணா?
– வாசகி, மன்னார்குடி

ப: இதை அழுதுக்கிட்டே தூக்கிப் போட்டவங்க நிறைய, நானும் ஒரு தடவை போட்டேன், அப்புறம் எடுத்தேன். ஆரம்பம்தான் கஷ்டம், அதுக்கு ஒரு வழி இருக்கு. துணி மூலையில, ஓரத்தை ரெண்டு மடிப்பா சின்னதா மடிச்சு, சாதாரணமா ஒரு நாலஞ்சு தையல் போட்டு, நூலை வெட்டாம ஒரு சாண் நீளத்துக்கு விட்டுடுங்க. இப்ப அந்த நூலைப் பிடிச்சு இழுத்து துணியை ஃபுட்டோட நத்தை ஓட்டுக்குள்ள நுழைச்சு விடுங்க, சுருள் முழுசா உள்ள போனதும் ஃபுட்டை இறக்கி, நூல் வாலை பின்பக்கமா லேசா பிடிச்சுக்கிட்டே தைங்க. துணி வாய்க்குள்ள போகாம பின்னாடி நகர அந்த வால்தான் உதவி.

அப்புறம் வலது கை. துணி ஓரத்தை கொஞ்சம் தூக்கி, இடது பக்கமா சாய்ச்சு, எப்பவும் ஒரே அளவு துணி வாயில விழுற மாதிரி பிடிக்கணும். அதிகமா விட்டா ரெட்டையா திணிக்கும், கம்மியா விட்டா பிசிறு வெளிய வரும். கண்ணு ஊசியைப் பாக்கக் கூடாது, ஃபுட்டோட வாயைப் பாக்கணும். நடுவுல ஜாயின்ட் தையல் வந்தா அந்த இடத்துல பட்டியை ஒட்ட வெட்டி மெலிசாக்கிடுங்க, இல்லன்னா அங்க திக்கி நிக்கும். இந்த ஃபுட்ல 2 எம்.எம், 4 எம்.எம், 6 எம்.எம்னு அளவு இருக்கு, ஷிஃபான், ஜார்ஜெட்டுக்கு 2, காட்டன் துப்பட்டாவுக்கு 4, 6. பெரிய ஃபுட்ல மெலிசு துணியை விட்டா சுருளாம வெறுமனே வழுக்கிட்டுப் போகும். ஊசி 11 நம்பர் போடுங்க, ரொம்ப மெலிசுன்னா 9.

பிகோ வேற. அதுலயும் ஓரம் சுருளும், ஆனா ஊசி ஜிக்ஜாக்கா ஒரு குத்து துணியில, அடுத்த குத்து துணிக்கு வெளிய காத்துல விழும், நூல் இழுத்து ஓரத்தை உருட்டி கட்டிடும். சேலை முந்திக்கு நம்ம பிகோ கடைல பண்றது அதுதான். நேர் தையல் மிஷின்ல ரோல்டு ஹெம் முடியும், பிகோ முடியாது. உங்க மிஷின் ஜிக்ஜாக்னா இதே ஃபுட்லயே நெருக்கமா ஜிக்ஜாக் வச்சு பண்ணிப் பாக்கலாம், ஆனா வாடிக்கையாளர் சேலையில முதல் முயற்சி வேண்டாம், பழைய சேலை எதாவது கிடக்கும்ல.

கே: பிளவுஸ் கழுத்துக்கு பைப்பிங் வைக்கும்போது கயிறு உள்ள லூசா ஆடுது. ஓரத்துல முதல் தையல் வேற வெளிய தெரியுது. ஃபுட் மாத்தினா சரியாகுமா?
– வாசகி, கும்பகோணம்

ப: பாதி சரியாகும். பைப்பிங் ஃபுட் அடியில இருக்குற குழிக்குள்ள கயிறு ஓடும், ஊசி பக்கத்துல ஒட்டி இறங்கும். குழியும் உங்க கயிறும் ஒரே பருமனா இருக்கணும், அதுதான் விஷயம். பெரிய குழில சின்னக் கயிறு போனா சறுக்கும், நீங்க சொல்ற லூசு அதனாலதான் வரும். கையில ரெண்டு சைஸ் ஃபுட் இல்லன்னா நம்ம டெய்லருங்க வச்சிருக்குற ஒத்தைக் கால் ஃபுட் இருக்கே, அதையே மாட்டுங்க, கயிறு பருமன் எதுவானாலும் பக்கத்துல போய் நிக்கும்.

மீதிப் பாதி, தையல் வரிசை. கிராஸா வெட்டின துணித் துண்டுக்குள்ள கயிறை வச்சு மூடுற முதல் தையலை கயிறை விட்டு சும்மா ஒரு நூலிழை தள்ளிப் போடுங்க. கழுத்தோட சேத்து தைக்கிற ரெண்டாவது தையலைத்தான் கயிறை நெருக்கிப் போடணும். நீங்க முதல் தடவையே நெருக்கிப் போட்டுட்டு ரெண்டாவதை அதுக்கு வெளியில போடுறீங்க, அப்ப முதல் தையல் தெரியத்தானே செய்யும். ஊசியை இடம் வலம் நகத்துற வசதி இருக்குற மிஷின்னா முதல் தையலுக்கு ஒரு புள்ளி தள்ளி வைங்க, ரெண்டாவதுக்கு ஒரு புள்ளி கிட்ட கொண்டு வாங்க, ஃபுட்டைத் தொடவே வேண்டாம். காட்டன் கயிறுன்னா தண்ணில நனைச்சு காய வச்சிட்டு போடுங்க, இல்லன்னா முதல் துவையல்ல கயிறு சுருங்கி கழுத்து முழுக்க பொங்கி நிக்கும், அதுக்கும் ஃபுட்டுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா திட்டு நமக்குத்தான் வரும்.

கே: என் மிஷின்ல இலை, பூன்னு இருபதுக்கு மேல டிசைன் இருக்கு. குழந்தை ஃப்ராக் ஓரத்துல இலை டிசைன் போட்டா கொஞ்ச தூரம் போனதும் ஒரே இடத்துல நின்னு நூல் கட்டியா குமிஞ்சிடுது. மிஷின் ரிப்பேரா?
– வாசகி, தூத்துக்குடி

ப: மிஷினை சர்வீஸுக்கு தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஃபுட்டைக் கவுத்துப் பாருங்க. மிஷின் வாங்கும்போது மாட்டியே குடுக்குற சாதா ஃபுட்டோட அடி தட்டையா இருக்கும். இலை டிசைன்ல நூல் நெருக்கமா விழுந்து மேடாகுது, தட்டை ஃபுட் அந்த மேட்டு மேல ஏறி அதை அமுக்கி நிக்குது, பிளேட்டுக்கு கீழ இருந்து துணியை நகத்துற பல்லு தள்ளினாலும் துணி நகராது, ஊசி அதே இடத்துல குத்திக்கிட்டே இருக்கும். சாட்டின் ஃபுட்ல அடியில அகலமா பள்ளம் இருக்கும், மேடு அதுக்குள்ள வழுக்கிட்டு பின்னாடி போயிடும். உங்க மிஷின் டப்பாவுக்குள்ளயே இருக்க வாய்ப்பு நிறைய, பல பேர் அந்த டப்பாவைத் திறக்குறதே இல்ல. முன்பக்கம் திறந்தாப்ல இருக்குற ஓபன் டோ ஃபுட் கிடைச்சா இன்னும் நல்லது, அப்ளிக் (துணி மேல வேற துணி வச்சு தைக்கிறது) ஓரம் கண்ணுக்கு நேராத் தெரியும்.

அதோட ரெண்டு விஷயம். துணிக்கு அடியில ஒரு பேப்பர் வைங்க, முடிஞ்சதும் கிழிச்சு எடுத்துடலாம். நியூஸ்பேப்பர் மட்டும் வேண்டாம், மை வெள்ளை ஃப்ராக்ல ஏறிடும், பட்டர் பேப்பர் போதும். மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலோட இறுக்கத்தை, ஒண்ணு ஒண்ணரை குறைங்க, கீழ பாபின்ல இருந்து வர்ற நூல் மேல எட்டிப் பாக்குறது நிக்கும்.

இதே வாசகி ஜரி நூல் அறுந்து அறுந்து போகுதுன்னும் கேட்டிருக்காங்க. ஜரி ஊசிக் கண்ணுல உரசி உரசி பிரியுது. கண்ணு பெருசா இருக்குற 14 நம்பர் ஊசி போட்டு, மெதுவா ஓட்டிப் பாருங்க. அப்பவும் அறுந்தா ஜரியை பாபின்ல சுத்தி, துணியோட உள்பக்கத்தை மேல வச்சு தைங்க, நல்ல பக்கத்துல ஜரி விழும். இன்னும் தடியான ஜரிக் கயிறுன்னா அதை ஊசியில கோக்கவே வேண்டாம். நடுவுல ஓட்டை இருக்குற கார்டிங் ஃபுட்ல அந்தக் கயிறை நுழைச்சு, மேல கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலால கயிறை விட கொஞ்சம் அகலமா ஜிக்ஜாக் போட்டுட்டுப் போனா கயிறு துணி மேல ஒட்டி வச்ச மாதிரி உக்காரும். பட்டுப் பாவாடை ஓரத்துல, பிளவுஸ் கையில இப்படி வளைஞ்சு வளைஞ்சு ரெண்டு வரி ஓட்டினா ஆரி வொர்க்கான்னு கேப்பாங்க. நான் ஆமான்னும் சொல்றதில்ல, இல்லன்னும் சொல்றதில்ல.

கே: அம்மா, நான் 40 வருஷமா டெய்லர். ஆயிரக்கணக்குல சட்டை, பேன்ட், பிளவுஸ் தைச்சிருக்கேன். ஓரம் மடிக்க விரல் போதும், ஃப்ரில் சுருக்க நூல் போதும். இந்த ஃபுட்டு எல்லாம் வேலை தெரியாதவங்களுக்கு கடைக்காரன் விக்கிற சாமான். நீங்களும் அதுக்கு ஒத்து ஊதுறீங்களேன்னுதான் வருத்தம்.
– வாசகர், சேலம்

ப: ஐயா, வணக்கம். உங்க விரலுக்கு முன்னாடி எந்த ஃபுட்டும் நிக்காதுங்க, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. எனக்கு தொழில் சொல்லிக் குடுத்தவரும் நாலு இஞ்ச் ஓரத்தை நகத்தாலயே கீறி மடிச்சு, அளவெடுத்த மாதிரி தைப்பாரு. ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேன்ட் ஜிப் வைக்கும்போது ரெண்டு கால் ஃபுட்டைக் கழட்டிட்டு ஒத்தைக் காலை மாட்டுறீங்களே, அது என்னங்க? அதுவும் ஸ்பெஷல் ஃபுட்டுதானே. நீங்களும் எங்க கட்சிதான், ஒத்துக்க மாட்டேங்குறீங்க, அவ்ளோதான்.

இது இன்னிக்கு நேத்து வந்த கடைக்காரன் வியாபாரமும் இல்லைங்க. அந்தக் காலத்துல சிங்கர் மிஷினோட ஒரு மரப்பெட்டி வரும், மடிச்சா பெட்டி, விரிச்சா பலகை மாதிரி தட்டையா படுத்துடும், உள்ள ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் தனித்தனி இடம், ஃப்ரில் போடுறதுக்கு ஒண்ணு, ஓரம் மடிக்கிறதுக்கு ஒண்ணு, பட்டி கட்டுறதுக்கு ஒண்ணு. பழசு சேக்குறவங்க புதிர்ப் பெட்டின்னு சொல்லுவாங்க, அதுக்கு 1889ல பேடன்ட் எடுத்திருக்காங்க. அப்ப வீட்டுல மோட்டார் மிஷின் ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் காலால மிதிச்சுக்கிட்டேதான் இதையெல்லாம் பண்ணியிருக்காங்க. விரல் வேலை தெரிஞ்சவங்களுக்கு ஃபுட்டு நேரத்தை மிச்சம் பண்ணும், தெரியாதவங்களுக்கு ஃபுட்டு விரலா இருக்கும், நான் அப்படித்தான் பாக்குறேன். ஓரம் மடிக்கிற விஷயத்துல மட்டும் உங்க பக்கம்தான், கையால மடிக்கத் தெரியாம ரோல்டு ஹெம் ஃபுட்டை நேரா எடுத்தவங்கதான் அதைத் தூக்கிப் போடுறாங்க.

கே: ரஃப்ளர்னு ஒண்ணு பாக்கவே பயமா இருக்கு, தேள் மாதிரி. நெட் ஃப்ராக்குக்கு நாலு அடுக்கு ஃப்ரில் வைக்கணும், கையால சுருக்கி சுருக்கி விரல் வலிக்குது. வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: தேள்னு சொன்னது ரொம்பப் பொருத்தம். அதோட நீட்டின கொடுக்கு ஊசியைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூ மேல கவ்வணும், ஊசி ஏறி இறங்கும்போது கொடுக்கும் ஏறி இறங்கி, உள்ள இருக்குற பிளேடு துணியை ஒரு தள்ளு தள்ளி மடிப்பு போடும். கொடுக்கை கவ்வ வைக்காம மிதிச்சா டமார்னு ஒரு சத்தம் வரும், கேட்டவங்க மறக்க மாட்டாங்க. 1, 6, 12னு மூணு எண் இருக்கும், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பா, ஆறுக்கு ஒண்ணா, பன்னெண்டுக்கு ஒண்ணாங்கிற கணக்கு. நட்சத்திரம் போட்ட இடத்துல வச்சா மடிப்பே விழாம சாதாரணமா தைக்கும். எவ்ளோ ஆழமா மடிக்கணும்ங்கிறது தனி ஸ்க்ரூ.

நாலு அடுக்கு ஃப்ராக், அதுவும் அடிக்கடி வர்ற ஆர்டர்னா வாங்குங்க. வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் ஃப்ராக்னா சின்ன கேதரிங் ஃபுட் போதும், விலையும் கம்மி, மெலிசு துணியை நல்லா சுருக்கும், தையல் நீளத்தைப் பெருசா வச்சு டென்ஷனை ஏத்தினா இன்னும் சுருங்கும். எதுவா இருந்தாலும் அதே நெட்ல சரியா ஒரு மீட்டர் துண்டை வெட்டி விட்டுப் பாருங்க, வெளிய வரும்போது எத்தனை இஞ்ச் ஆச்சுன்னு அளந்து ஒரு நோட்டுல எழுதி வைங்க, தையல் நீளம், டென்ஷன் எண்ணையும் சேத்து. அந்தக் கணக்கு இல்லாம ஃப்ரில்லை வெட்டினா இடுப்பு சுத்துறதுக்கு முன்னாடியே தீந்து போயிடும், தீந்து போறது எப்பவும் முன்பக்கம் நடுவுலதான்.

கே: ட்வின் நீடில் (ரெட்டை ஊசி) போட்டு பின்டக் (மெலிசா மேடா எழும்புற மடிப்பு) வைக்கலாம்னு பாத்தா மேல டக்கே எழும்பல, வெறும் ரெண்டு கோடு மாதிரி கிடக்கு.
– வாசகி, புதுச்சேரி

ப: டென்ஷனை ஏத்துங்க. மேல ரெண்டு நூல், கீழ பாபின் நூல் ஒண்ணே ஒண்ணு, அது ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஜிக்ஜாக்கா ஓடி துணியை இறுக்கிப் பிடிச்சாதான் நடுவுல மேடு எழும்பும். பின்டக் ஃபுட் இருந்தா அடியில இருக்குற கோடுகள்ல ஒண்ணுக்குள்ள முதல் டக்கை ஓட விட்டு பக்கத்துல அடுத்ததைப் போடுங்க, இடைவெளிக்கு சாக்பீஸ் கோடே வேண்டாம். ட்வின் நீடில் பாக்கெட்ல 2.0/80ன்னு போட்டிருந்தா ரெண்டு ஊசிக்கும் நடுவுல 2 எம்.எம், ஊசி சைஸ் 80ன்னு அர்த்தம், பின்டக்குக்கு 2 எம்.எம் அழகா இருக்கும். ஜிக்ஜாக்ல இருந்து நேர் தையலுக்கு மாத்திட்டோமான்னு ரெண்டு தடவை பாருங்க. கறுப்பு நேர் தையல் மிஷின்காரங்க இதை முயற்சி பண்ண வேண்டாம், பிளேட்ல சின்ன வட்ட ஓட்டைதான் இருக்கு, ரெண்டு ஊசி எங்க போகும்?

கே: ரெக்சின் பை தைச்சா ஃபுட்டு ஒட்டிக்குது. வெல்வெட் பிளவுஸ்ல மேல் துணி மட்டும் நகந்து கோணலாகுது. ரெண்டுக்கும் ஒரே ஃபுட் வாங்கினா போதுமா?
– வாசகி, கரூர்

ப: ரெண்டும் வேற நோய். ரெக்சின் ஒட்டுது, அதுக்கு டெஃப்லான் ஃபுட், வழுக்கும். வாங்குற வரைக்கும் சாதா ஃபுட் அடியில மேஜிக் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஊசி போற இடத்தை மட்டும் வெட்டி விட்டுக்கோங்க. வெல்வெட்ல பிரச்சனை என்னன்னா கீழ் துணியை பல்லு தள்ளுது, மேல் துணியைத் தள்ள ஆள் இல்ல. வாக்கிங் ஃபுட்ல மேலயும் பல்லு இருக்கு, ரெண்டு துணியும் ஒண்ணா நடக்கும். பெருசா, சத்தமா, அசிங்கமா இருக்கும், ஆனா வெல்வெட், கட்டம் போட்ட துணி, நழுவுற லைனிங் இதுக்கெல்லாம் அதை விட்டா வழியில்ல. அதுல ரிவர்ஸ் ரொம்ப தூரம் போகாதீங்க, அது முன்னாடி நடக்கப் பழகினது.

கே: வாக்கிங் ஃபுட் மாட்டினதுல இருந்து ஃபுட்டைப் பிடிக்கிற ஸ்க்ரூ தானா லூசாகி, நேத்து தைச்சுக்கிட்டே இருக்கும்போது எங்கயோ விழுந்து காணாமலே போச்சு. வீடு முழுக்க கூட்டியாச்சு. தீபாவளி ஆர்டர் கிடக்கு அக்கா.
– வாசகி, ஈரோடு

ப: நம்ம ஊர்க்காரங்களா, சந்தோஷம். வாக்கிங் ஃபுட் அதிர்ற அதிர்வுல விரலால மட்டும் திருகின ஸ்க்ரூ கண்டிப்பா கழலும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஒரு கால் சுத்து இறுக்கணும், பாதி நாள் தைச்சதும் இன்னொரு தடவை தொட்டுப் பாக்கணும். தொலைஞ்சதை கூட்டித் தேடாதீங்க, விளக்குமாறு அதை இன்னும் தள்ளி விட்டுடும். பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தா ஒரு நூல்ல கட்டி மிஷின் மேஜை இடுக்கு, பெல்ட் ஓட்டை, மிதி பலகை அடி எல்லாம் ஓட்டிப் பாருங்க. அப்படியும் கிடைக்கலைன்னா ஃபுட்டோட மிஷின் ஸ்பேர் கடைக்குப் போங்க, ஒண்ணுக்கு மூணா வாங்கிக்கோங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பாபின் மூடியைத் திறந்து உள்ள ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க, எனக்கு ரெண்டு தடவை அங்கதான் கிடைச்சிருக்கு, பஞ்சுக்குள்ள புதைஞ்சு.